முதல் கல்யாணத்துக்கு எந்த லென்ஸ்: 28-75 ஜூமா, 35ம் 85மா?

போன ஆவணில சித்தி பொண்ணுக்கு கல்யாணம். கோவில்பட்டி பக்கம் மண்டபம். வீடியோவுக்கு மட்டும் ஆள் சொல்லிட்டு, "போட்டோவ நீயே எடுத்துருப்பா, அதான் அவ்ளோ பெரிய கேமரா வச்சிருக்கியே"ன்னு சித்தப்பா ஒரே பேச்சுல முடிச்சுட்டாரு. நான் அதுவரைக்கும் எடுத்ததெல்லாம் குருவி, கோபுரம், அக்கா பையன் பிறந்தநாள், அவ்ளோதான். கைல இருந்தது சோனி ஏ7 த்ரீ கேமரா, கூட ரெண்டு ப்ரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்), 35 1.8ம் 85 1.8ம். மொத நம்பர் மில்லிமீட்டர், சின்னதுன்னா அகலமா தெரியும், பெருசுன்னா கிட்ட தெரியும்; ரெண்டாவது நம்பர் லென்ஸ் எவ்ளோ தொறக்கும்ங்கறது, அது சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகம். இதையே வச்சு சமாளிச்சிரலாமா, இல்ல டாம்ரான் 28-75 2.8 ஜி2வ வாடகைக்கு எடுக்கணுமான்னு ஒரு மாசம் மண்டைய உடைச்சுக்கிட்டேன். கடைசில ஜூம் தான் எடுத்தேன், இன்னைக்கு யாரு கேட்டாலும் முதல் கல்யாணம்னா அதையே தான் சொல்லுவேன்.

சில விஷயத்த சட்டுனு தாண்டிரலாம். ஷார்ப்னெஸ் ரெண்டுலயும் தாராளமா இருக்கு, ஆல்பத்துல பிரிண்ட் போட்டா எது எந்த லென்ஸ்ல எடுத்ததுன்னு எனக்கே தெரியல. எடைய பாத்தா தான் ஆச்சரியம், ஜூம்னாலே கனம்னு நெனச்சிட்டு இருந்தேன், டாம்ரான் 540 கிராம், 35ம் 85ம் சேத்தா 650 கிராமுக்கு வந்துருது. கேமராவோட குடுக்குற 28-70 கிட் லென்ஸ் 70க்கு போனா 5.6 ஆயிரும், மண்டபத்துக்குள்ள அது வேணாம். 70-200 வச்சு கீழ இருந்து எடுக்கலாமேன்னு ஒருத்தர் சொன்னாரு, தாலி கட்டும்போது கீழ இருந்து தெரியறது பெரிய மாமா முதுகு மட்டும் தான்.

வெளிச்சம் தான் ப்ரைம் ஆளுங்க எப்பவும் எடுக்குற ஆயுதம், அதுல நியாயமும் இருக்கு. 1.8க்கும் 2.8க்கும் ஒண்ணேகால் ஸ்டாப்புக்கு மேல வித்தியாசம் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). அதாவது 1.8ல ஐஎஸ்ஓ (சென்சாரோட வெளிச்ச உணர்வு, ஏத்துனா படத்துல புள்ளி வரும்) 1600 போதும்னா 2.8ல கிட்டத்தட்ட 4000 வைக்கணும். ஆனா ஏ7 த்ரீல 4000ங்கறது பெரிய விஷயமே இல்ல, அதுவும் போக முகூர்த்த நேரத்துல வீடியோக்காரர் எல்ஈடி லைட்ட தலைக்கு மேல தூக்கி பிடிச்சிருவாரு, மணவறை பளிச்சுனு ஆயிரும், நான் பெரும்பாலும் 2000லயே ஓட்டிட்டேன். (லைட்னு சொல்லும்போது இத சொல்லிடறேன், ஷட்டர் வேகத்த 1/100 செகண்டுக்கு மேல ஏத்தாம பாத்துக்கோங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மண்டபத்து லைட் செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், 1/250, 1/320னு போனா படத்துல பட்டை பட்டையா விழும். சைலண்ட் ஷட்டரையும் ஆஃப் பண்ணிருங்க.)

இன்னொன்னு, 1.8 இருக்குறதால 1.8ல எடுக்க முடியும்னு அர்த்தம் இல்ல. 85அ 1.8ல வச்சு ரெண்டு மீட்டர்ல நின்னா ஃபோகஸ்ல இருக்குற ஆழம் சுமாரா ஆறு சென்டிமீட்டர் தான். பொண்ணு கண்ணு ஊசி மாதிரி வரும், பக்கத்துல அர அடி பின்னாடி உக்காந்திருக்குற மாப்பிள்ளை கலங்கிருவாரு. கல்யாணத்துல எப்பவும் ரெண்டு மூஞ்சி, கூட அய்யர் மூஞ்சி, அதனால எப்படியும் லென்ஸ் வாய 2.8, 4னு அடைச்சு தான் எடுக்கணும், ரெண்டு வரிசை குரூப் போட்டோன்னா 5.6 வேணும். அங்க போனதுக்கு அப்புறம் ப்ரைமுக்கு என்ன பெருமை.

சரி, எனக்கு எது முடிவு பண்ணிச்சுன்னா, இடம். நிக்கிற இடம். "ப்ரைம்ல காலால ஜூம் பண்ணு, முன்னாடி போ பின்னாடி வா"ன்னு எல்லாரும் சொல்றாங்க இல்ல, குருவிக்கும் கோபுரத்துக்கும் அது சரி. மணவறைல காலு அசையாது.

இது எனக்கு நிச்சயதார்த்தத்துலயே புரிஞ்சிருச்சு. அப்ப ரெண்டு ப்ரைம வச்சு தான் எடுத்தேன், வீட்டு ஹால்ல. 85அ போட்டு பொண்ணு முகத்த எடுத்துட்டு இருக்கேன், மோதிரம் மாத்த போறாங்கன்னு சத்தம் கேட்டுச்சு, பின்னாடி போகலாம்னா பின்னாடி பீரோ, அதுல சாஞ்சுக்கிட்டு ரெண்டு ஆச்சி. சரின்னு 85அ கழட்டி கக்கத்துல இடுக்கிக்கிட்டு, 35ஓட பின் மூடிய சட்டைப் பைல போட்டு, திருகி மாட்டி நிமிந்தா எல்லாரும் கை தட்டிட்டு இருக்காங்க. "இன்னொரு தடவ போடுங்களேன்"னு கேட்டேன். மாப்பிள்ளையோட அம்மா மூஞ்சி மாறிடுச்சு, "போட்ட மோதிரத்த கழட்டுறது நல்லா இருக்காது தம்பி"ன்னாங்க. அந்த ஆல்பத்துல இன்னைக்கும் மோதிரம் போட்ட கை இருக்கு, போடுற படம் இல்ல. மோதிரத்துக்கே இப்படின்னா தாலிய நெனச்சுப் பாருங்க.

முகூர்த்தத்தன்னைக்கு நடந்தது இன்னும் மோசம். காலைல ஆறரைக்கெல்லாம் நல்ல இடம் பாத்து மணவறைக்கு வலது பக்கமா நின்னுட்டேன். தாலி தட்டு எல்லாரும் தொட்டுக் கும்பிட்டு திரும்பி வர்ற வரைக்கும் என்னைச் சுத்தி காத்தோட்டமா தான் இருந்துச்சு, அது மேடைக்கு ஏறுனதும் கூடவே முப்பது பேரு ஏறிட்டாங்க, ஆளுக்கொரு ஃபோன். வலது தோள்ல வீடியோக்காரர் முழங்கை, இடது பக்கம் குத்துவிளக்கு, முன்னாடி ஓம குண்டம். ஒரு சாண் நகர முடியாது. அய்யர் கைய தூக்கி "கெட்டிமேளம்"னு சொன்னதுல இருந்து நாத்தனார் கடைசி முடிச்சு போட்டு எந்திரிக்கிற வரைக்கும் என் ஃபைல்ல இருக்குற நேரத்த வச்சு பாத்தா 34 செகண்ட். அந்த 34 செகண்ட்ல 28ல மொத்த மேடையும் அட்சதை பறக்குறதும், 75ல முடிச்சு போடுற விரல், நடுவுல எங்கயோ 50 பக்கம் சித்தி சேலைத் தலைப்ப வாய்ல வச்சுக்கிட்டு அழுகுறது, திரும்ப 28. நின்ன இடம் ஒண்ணு தான், இடது கை விரல் மட்டும் வேலை செஞ்சுது. 35 மாட்டியிருந்தா விரலும் முடிச்சும் துளியூண்டா இருந்திருக்கும், 85 மாட்டியிருந்தா மேடையே வந்திருக்காது. மாத்தலாமேன்னா, ஓமப் புகையும் பறக்குற அரிசியும் மஞ்சளும் இருக்குற எடத்துல சென்சார தொறந்து வைக்குற தைரியம் எனக்கு இல்ல.

அப்புறமா லைட்ரூம்ங்கற சாஃப்ட்வேர்ல போட்டு எந்த ஃபோக்கல் லென்த்ல (அந்த மில்லிமீட்டர் நம்பர் தான்) எத்தன படம்னு பிரிச்சு பாத்தேன். பாதிக்கு மேல ரெண்டு ஓரத்துலயும் தான் கிடக்கு, 28 இல்லன்னா 75. இத ஒரு ஃப்ரெண்டு கிட்ட காட்டுனா, "அப்ப ரெண்டு ப்ரைமே போதுமே"ன்னு சிரிச்சான். எண்ணிக்கைய பாத்தா அவன் சொல்றது சரி. ஆனா அடுத்தடுத்த படத்தோட நேரத்த பாத்தா 28க்கும் 75க்கும் நடுவுல ரெண்டு செகண்ட், மூணு செகண்ட் தான் இருக்கு. ரெண்டு செகண்ட்ல லென்ஸ் மாத்துற ஆள நான் பாத்ததில்ல.

இதுல இன்னொரு கூத்தும் நடந்துச்சு. ஓமத்துல பொரி போடணும், பொண்ணோட அண்ணன் எங்கன்னு அய்யர் கேக்க, கூடப் பொறந்தவன் இல்லாததால எல்லாரும் என்ன பாத்தாங்க. கேமராவ பக்கத்துல நின்ன அக்கா பையன் கழுத்துல மாட்டிட்டு, அவனுக்கு பதினாலு வயசு, "இத திருப்பினா கிட்ட வரும், இத அமுக்கு"ன்னு மட்டும் சொல்லிட்டு போய் உக்காந்தேன். அவன் எடுத்த நாப்பது படத்துல பன்னெண்டு ஆல்பத்துக்கு போயிருக்கு, நான் பொரிய அவ கைல அள்ளி வைக்கிற படம் உட்பட. 85ஓட குடுத்திருந்தா என் மூக்கு மட்டும் வந்திருக்கும்னு நெனைக்கிறேன்.

ப்ரைமுக்கு சேர வேண்டிய மரியாதைய குடுத்துரணும். 85 என் பைல இருந்துச்சு, பொண்ணுக்கு மேக்கப் போடுற ரூம்ல அதுதான் காப்பாத்துச்சு, ஒரே ஒரு ட்யூப்லைட், கண்ணாடி, ஒரு ஆள், அவசரம் இல்ல. ஜடைல பூ வைக்கும்போது எடுத்த ஒரு படத்துக்கு பக்கத்துல கூட ஜூம்ல எடுத்த எதுவும் வராது. முன்னாடி நாள் ராத்திரி ரிசப்ஷன் முடிஞ்சு ஜோடிய தனியா நிக்க வச்சு சீரியல் லைட் பின்னாடி உருண்டை உருண்டையா வர மாதிரி எடுத்ததும் 85ல தான். 35 பைய விட்டு வெளிய வரவே இல்ல, பந்தில கூட ஜூமே போதுமா இருந்துச்சு.

ஜூம்ல எரிச்சலும் இருக்கு. 28ல குரூப் போட்டோ எடுத்து ஓரத்துல நிக்கிறவங்க எல்லாம் அகலமாயிட்டாங்க, ஒரு பெரியம்மா இன்னும் அத சொல்லிக் காட்டுறாங்க. குரூப்னா ரெண்டடி தள்ளி வந்து 40 பக்கம் வச்சு எடுங்க, அப்ப மட்டும் தான் மேடைல இடம் கிடைக்கும்.

ரெண்டு கேமரா பாடில ரெண்டு ப்ரைம் தொங்கப் போட்டு எடுக்குறவங்க இருக்காங்க, அவங்களுக்கு நான் சொன்ன பிரச்சனைல பாதி இல்ல. எனக்கு இருந்தது ஒரே பாடி. இன்னொன்னு வாடகைக்கு எடுக்குறதா இருந்தா ரெண்டுலயும் கடிகாரத்த ஒரே நேரத்துக்கு வச்சுருங்க, இல்லன்னா தாலி கட்டுனதுக்கு அப்புறம் மாப்பிள்ளை அழைப்பு வரும். அப்புறம் நான் எடுத்ததே ஒரு கல்யாணம், அதுவும் மண்டபத்துல. சர்ச் கல்யாணத்துல நகர இடம் இருக்கும், வெளிச்சம் கம்மி, அங்க ப்ரைம் ஜெயிக்கலாம், எடுத்துப் பாத்தவங்க தான் சொல்லணும்.

காசு கணக்கும் சின்னது தான். எனக்கு நாள் வாடகை ஆயிரத்துக்கு உள்ள, ரெண்டு நாளுக்கு எடுத்தேன், ஆதாரும் அட்வான்ஸும் வாங்கிக்கிட்டாங்க. ஆனா முகூர்த்த நாள்னா ஊருல இருக்குற அத்தன 2.8 ஜூமும் வெளிய போயிரும், தேதி முடிவானதுமே சொல்லி வைங்க. முன்னாடி நாள் சாயங்காலமே வாங்கி, கடை வாசல்லயே 28லயும் 75லயும் 2.8ல நாலு படம் எடுத்து பெருசு பண்ணி பாருங்க, பல பேர் கை பட்ட லென்ஸ். நான் பாக்கும்போது மொதல்ல குடுத்த லென்ஸ் 75ல ஒரு பக்கம் மட்டும் மங்கலா விழுந்துச்சு, மாத்திக் குடுத்தாங்க. தை மாசத்துல மாமா பையன் கல்யாணம் வருது, இப்பவே சொல்லி வச்சிட்டேன்.