மதிப்பெண் இல்லாத வகுப்புக்குக் கூகுள் கிளாஸ்ரூம் உதவுமா?

2014-இல் வெளிவந்த கூகுள் கிளாஸ்ரூமை ஆசிரியர்களாகிய நாம் பெரும்பாலும் ஒப்படைப்புகளைப் பெற்றுக்கொள்ளவும் மதிப்பெண்களைப் பதிவு செய்யவுமே பயன்படுத்துகிறோம். மதிப்பெண்ணைத் தவிர்த்து, பின்னூட்டத்தை மட்டும் நம்பி ஒரு வகுப்பை நடத்த முனைந்தால் இந்தச் செயலி எவ்வளவு தூரம் உடன் வரும் என்பதே இந்த மதிப்புரையின் கேள்வி.

புதிய ஒப்படைப்பு ஒன்றை உருவாக்கினால், 100 புள்ளிகள் என்று தானாகவே நிரம்பியிருக்கும். அதை மதிப்பெண்ணற்றதாக மாற்றவும், வகுப்பின் ஒட்டுமொத்த மதிப்பெண் கணக்கை நிறுத்தி வைக்கவும் வழியுண்டு. ஆனால் மாற்ற வேண்டும் என்று நினைவில் வைத்திருக்க வேண்டியவர் ஆசிரியர்தான். எண் இருப்பதே இயல்பு என்ற எண்ணத்துடன்தான் இது வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

எண்ணும் இருக்கட்டும், கருத்தும் இருக்கட்டுமே என்று தோன்றலாம். 1988-இல் கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது: கருத்துகளை மட்டும் பெற்ற மாணவர்களிடம் ஆர்வமும் செயல்திறனும் நிலைத்தன, மதிப்பெண்ணோடு சேர்த்துக் கருத்தைப் பெற்றவர்களிடம் அந்தப் பயன் காணப்படவில்லை. எண்ணைப் பார்த்த கண் அடுத்த வரிக்கு நகர்வதில்லை என்பது விடைத்தாள் திருப்பித் தந்த எவருக்கும் தெரிந்ததே. அதற்காகக் கருத்து எழுதினாலே நன்மை என்றும் கொள்ள முடியாது. பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளை 1996-இல் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் க்ளூகரும் டெனிசியும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முடிவுகளில் செயல்திறன் குறைந்திருந்ததையே கண்டார்கள்.

ஆகவே, கருத்தைப் படித்த மாணவர் அடுத்து என்ன செய்ய முடிகிறது என்பதே முக்கியம், இந்தச் செயலியின் உண்மையான பலமும் அங்கேதான் இருக்கிறது. கட்டுரையின் குறிப்பிட்ட வரியைச் சுட்டி, 'இந்தச் சான்று நீங்கள் சொல்லும் முடிவைத் தாங்கவில்லை, ஏன் என்று பாருங்கள்' என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பலாம். மாணவர் திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கலாம். ஆவணத்தின் பதிப்பு வரலாற்றைத் திறந்தால் எந்த வரி எப்போது மாறியது என்பது தெரியும். வளர்ச்சிக்கு அதைவிட நேர்மையான சான்று மதிப்பெண் பட்டியலில் கிடைக்காது. மதிப்பீட்டு அளவுகோல்களையும் புள்ளிகள் இல்லாமல், விளக்கச் சொற்களால் மட்டுமே அமைக்கலாம். அடிக்கடி எழுதும் கருத்துகளைச் சேமித்து வைக்கும் வசதியை மட்டும் நான் அளவோடு பரிந்துரைப்பேன்: நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் எல்லோருக்கும் ஒரே வாக்கியம் போகத் தொடங்கினால் அது இன்னொரு வகை மதிப்பெண்தான்.

மாணவர் வழிநடத்தும் கற்றல் என்று வரும்போது இதன் கை தளர்கிறது. ஒப்படைப்பை உருவாக்குபவர் ஆசிரியர், கெடுவை வைப்பவரும் ஆசிரியர். சமர்ப்பித்த கணத்தில் ஆவணத்தைத் திருத்தும் உரிமைகூட மாணவரிடமிருந்து விலகி, திருப்பித் தரும்போதோ சமர்ப்பிப்பை அவரே விலக்கிக்கொள்ளும்போதோதான் மீள்கிறது. தன் இலக்கை மாணவரே பதிந்து, தானே கண்காணிக்கத் தனி இடம் எதுவும் இல்லை. தனிப்பட்ட கருத்துப் பெட்டியைத் தலைகீழாகப் பயன்படுத்தி இதை ஓரளவு ஈடுகட்டலாம்: சமர்ப்பிக்கும் முன், தான் எங்கே இடறினார், எதைப் பற்றிக் கருத்து வேண்டும் என்று மாணவர் முதலில் எழுத வேண்டும், ஆசிரியர் அதற்கு மட்டும் பதில் எழுத வேண்டும். இதனால் பெரிய வகுப்பில் ஆசிரியரின் எழுத்துச் சுமையும் குறையும் என்பது கூடுதல் லாபம்.

திருத்தி எழுதுவதற்கு நேரம் ஒதுக்கக்கூடிய வகுப்புகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மாணவரே தன் படைப்புகளைத் தேர்ந்து தொகுத்து, தன் கற்றலைப் பற்றிப் பேச வேண்டும் என்று விரும்பும் ஆசிரியர்கள், இதனுடன் படைப்புத் தொகுப்புக்கென்றே உள்ள வேறொரு கருவியையோ, சாதாரணக் கோப்புறை ஒன்றையோ சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.