மதுரை வெயிலில் சும்மா கிடந்தாலும் கெடாத புல்வெட்டி எது?

புல்வெட்டி மெஷின் வாங்கப் போனால் பிளேடு எவ்வளவு அகலம், எத்தனை குதிரைத்திறன் என்றுதான் எல்லோரும் விசாரிப்போம். மதுரைக்காரர்கள் அதற்கு முன்னால் ஒன்றை யோசிக்க வேண்டும். வருஷத்தில் எத்தனை மாதம் இது ஓடாமல் கிடக்கும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் புல்லை வாரம் ஒருமுறை வெட்டியாக வேண்டும். மாசி பிறந்து வெயில் ஏறினால் வளர்ச்சி படுத்துவிடும். போர் தண்ணீர் இறங்கும்போது புல்லுக்கு ஊற்ற யாருக்கும் மனசு வராது. பங்குனியிலிருந்து ஆடி வரை மெஷினுக்கு மாடிப்படிக்கு அடியில்தான் இடம். பெரும்பாலான மெஷின்கள் கெடுவது அந்த மாதங்களில்தான். அதனால் பெட்ரோல், கரண்ட், கையால் தள்ளும் உருளை மூன்றையும் வீட்டுப் பராமரிப்பை வைத்தே அலசுகிறேன்.

பெட்ரோல் மெஷினுக்கு ஒயர் தொல்லை இல்லை, முழங்கால் உயரப் புல்லுக்கும் அசராது. ஆனால் வேலைப் பட்டியல் இதற்குத்தான் நீளம். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் அரை லிட்டரை ஒட்டி எஞ்சின் ஆயில் பிடிக்கும். நம் ஊர் சூட்டுக்கு எஸ்ஏஇ 30 ரக ஆயில் சரியாக இருக்கும். புது மெஷினில் முதல் 5 மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்ற வேண்டும். அதன்பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பல கையேடுகள் சொல்லும். அழகர்கோவில் ரோடு பக்கத்துச் செம்மண் தூசியில் ஓட்டுகிறவர்கள் 25 மணி நேரத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, நாலு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டலாம். காகித ஃபில்டரைக் கழுவவே கூடாது, தட்டித் தூசியை உதறினால் போதும். எஞ்சினைச் சுற்றியுள்ள தகட்டு இடுக்குகளில் புல்லும் மண்ணும் அடைத்தால் சூடு வெளியேறாது. வெட்டி முடித்ததும் ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

இதெல்லாம் யாரும் செய்யக்கூடியதுதான். தலைவலி பெட்ரோலில் இருக்கிறது. இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். சித்திரை வெயிலில் டாங்கில் கிடக்கும் பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் படியும். அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் மஞ்சளாக, விரலில் ஒட்டும் பிசின் தெரியும். அதற்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில் இருப்பது ஊசி முனை அளவு ஓட்டை. அதில் ஒரு துளி உறைந்தாலும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிக்குமே தவிர எஞ்சின் பிடிக்காது. கார்புரேட்டர் கிளீனர் அடித்து, கரண்ட் ஒயரிலிருந்து உருவிய ஒரே ஒரு செம்பு இழையை ஓட்டைக்குள் விட்டு எடுத்தால் திறந்துகொள்ளும். இரும்புக் கம்பியை விடாதீர்கள்; ஓட்டை பெரிதாகிவிட்டால் ஜெட்டையே மாற்ற வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது என்று தெரிந்தால் டாங்கைக் காலி செய்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் பெட்ரோல் மெஷினை நினைக்கவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

கரண்ட் மெஷினுக்கு ஆயில், ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் எதுவும் கிடையாது. ஆறு மாதம் கிடந்தாலும் சுவிட்சைப் போட்டதும் ஓடும். அடிப்பக்கத்தில் அப்பிய பச்சைப் புல்லை மரச்சில்லால் சுரண்டிவிட வேண்டும், காய்ந்தால் கல்லாகிவிடும். ஹோஸ் பைப்பால் பீய்ச்சிக் கழுவினால் மோட்டாருக்குள் தண்ணீர் போய்விடும். செலவழிக்க வேண்டியது ஒயருக்குத்தான். 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்த செம்பு ஒயர் வேண்டாம், தூரம் கூடினால் 2.5 போடுங்கள். ஒயர் மெலிந்தால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். அந்த லைனில் ஷாக் அடித்தால் உடனே கரண்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருப்பது கட்டாயம். ஈரப் புல்லில் ஓட்டவே கூடாது.

இந்த இரண்டுக்கும் பிளேடு வேலை ஒன்றுதான். பெட்ரோலில் பிளக் மூடியையும், கரண்டில் பின்னையும் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும். பெட்ரோல் மெஷினைச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆயில் அதற்குள் இறங்கிவிடும். பட்டை அரத்தால் பழைய சாய்வு மாறாமல் ராவி, நடு ஓட்டையைச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். எடை சமமில்லாத பிளேடு மெஷினையே உதறி எடுத்துவிடும்.

கை உருளை 1830-இல் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர் உருவாக்கியதிலிருந்து அடிப்படையில் மாறவில்லை. சுழலும் கத்திகள் அடியிலுள்ள நிலைக் கத்தியோடு சேர்ந்து கத்தரிக்கோல் போல வெட்டுவதால் கொரியன் புல்லின் நுனி பழுப்பேறாது. முனை மழுங்கினால் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் வாங்கி, கத்திகளில் தடவி, உருளையைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, தினசரித் தாளில் ஒரு கீற்றை இரண்டு கத்திகளுக்கும் நடுவில் கொடுத்து உருளையை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சர்ரென்று வெட்டினால் சரி. எங்காவது தாள் மடிந்தால் அந்தப் பக்கத்து ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கலாம். கத்திகளில் எண்ணெய் பூசி வைத்துவிட்டால் கோடை முழுக்கக் கவலை இல்லை. மழையில் இரண்டு வாரம் விட்டுப் புல் எகிறிவிட்டால் மட்டும் இது திணறும், புல்லைச் சாய்த்துவிட்டுப் போகும்.

என் பார்வையில், ஒரு சென்ட் புல்தரைக்குக் கை உருளைதான் முதல் தேர்வு. அதற்கு மேல் ஐந்து சென்ட் வரை கரண்ட் மெஷின். பேட்டரி மெஷின் வசதிதான், ஆனால் கோடையில் கொதிக்கும் தகரக் கொட்டகையில் லித்தியம் பேட்டரியை வைக்கக் கூடாது. பாதி சார்ஜில் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும். தோப்பும் தோட்டமுமாக ஒயர் எட்டாத இடம் இருப்பவர்களுக்குப் பெட்ரோலை விட்டால் வழியில்லை. அவர்கள் மாசியிலேயே டாங்கைக் காலி செய்துவிடுங்கள். ஆவணியில் புதுப் பெட்ரோல் ஊற்றி இழுத்தால் போதும்.