அர்மேனியன் தெரு அர்மேனிய ஆலயம்: ஒரு பார்வையாளரின் மதிப்பீடு

சென்னை பாரிமுனையில், அந்தோணியார் கோவிலுக்குச் செல்வோர் செவ்வாய்க்கிழமைதோறும் நிறைந்திருக்கும் அதே அர்மேனியன் தெருவில்தான் கன்னி மரியாளுக்கு நேர்ந்தளிக்கப்பட்ட அர்மேனிய ஆலயமும் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. 1712-இல் எழுந்த பழைய ஆலயத்துக்குப் பின்வந்த இன்றைய கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. அர்மேனியர்கள் தங்கள் கல்லறைத் தோட்டமாக வைத்திருந்த நிலத்தில் அது கட்டப்பட்டதால், முற்றத்தில் நாம் நடக்கும் பாதையிலேயே அர்மேனிய எழுத்துகள் பொறித்த கல்லறைக் கற்கள் பதிந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து நடக்க வேண்டும்.

இவற்றுள் தேடிச் சென்று பார்க்க வேண்டியது, 1824-இல் காலமான ஹருத்யூன் ஷ்மாவோனியன் பாதிரியாரின் கல்லறை. ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து வந்து இங்கே குருவாகப் பணியாற்றிய அவர், 1794-இல் 'அஸ்தரார்' என்னும் இதழைத் தொடங்கினார். உலகின் முதல் அர்மேனிய மொழி இதழ், அர்மேனியாவிலோ ஐரோப்பாவிலோ அல்லாமல், நம் சென்னையில் அச்சேறியது. வழிபாட்டையும் தாய்மொழியையும் ஒருசேரக் காத்தவர் என்பதால், அவருடைய கல்லறைக்கு முன் சற்று நேரமாவது நிற்காமல் திரும்புவது எனக்கு முறையாகத் தோன்றவில்லை.

ஆலயத்திலிருந்து தனித்து நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள் உள்ளன. இரண்டில் லண்டன் வார்ப்பாளர் தாமஸ் மியர்ஸின் பெயர் காணப்படுகிறது. என்னை அதிகம் ஈர்த்தது, 1754-இல் வார்க்கப்பட்டு 1808-இல் மீண்டும் உருக்கி வார்க்கப்பட்ட மணி. அதில் அர்மேனிய எழுத்தோடு தமிழ் எழுத்தும் உண்டு. அயல்நாட்டில் குடியேறிய ஒரு சிறு சமூகம், தன் வழிபாட்டின் குரலாகிய மணியில் ஊராரின் மொழிக்கும் இடம் கொடுத்திருப்பதைக் காட்டிலும் சிறந்த வரலாற்றுச் சான்றை நான் இங்கே காணவில்லை.

சென்னையில் அர்மேனியக் குடும்பங்கள் ஏறத்தாழ இல்லாமற்போன பிறகும் இவ்விடம் நிலைத்திருக்கக் காரணம், கொல்கத்தாவின் அர்மேனியத் திருச்சபைக் குழு இதன் பராமரிப்பைத் தன் பொறுப்பில் வைத்திருப்பதே. அங்கே 1724-இல் கட்டப்பட்ட நாசரேத் ஆலயமும், 1821-இல் தொடங்கிய அர்மேனியக் கல்லூரியும் இருப்பதால், மொழி கற்கும் பிள்ளைகளும் ஜனவரி 6-இல் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் சபையும் இன்னும் உண்டு. கட்டடத்தையும் கல்வெட்டையும் பணம் கொடுத்துக் காக்கலாம். ஆனால் 'பதராக்' எனப்படும் திருப்பலியில் குருவுக்கு மறுமொழியாகப் பாடக் குரல்கள் வேண்டும். அந்த வகையில் கொல்கத்தா உயிருள்ள சபை. சென்னை அதன் நன்கு பேணப்பட்ட நினைவிடம். இரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுவது நியாயமன்று.

அமைதியை விரும்புவோருக்கும், அச்சு வரலாற்றில் ஆர்வம் உள்ளோருக்கும், பள்ளி மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கும் இவ்விடத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். முற்பகலில் சென்றால் நிதானமாகப் பார்க்கலாம். நேரம் மிஞ்சினால், சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது 1726-இல் பாலம் கட்டுவித்த அர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கானின் கல்வெட்டையும், அவர் பரங்கிமலையில் அமைத்துத் தந்த படிகளையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.