சொத்தை நகம் திரும்ப வராம இருக்க எது உருப்படி: வெயிலா, பவுடரா, யுவி மெஷினா, இல்ல ஷூவத் தூக்கிப் போடுறதா?

கால் பெருவெரல் நகம் மஞ்சளாகி, தடிச்சு, சுரண்டினா மாவா உதிருமே, அந்த சொத்தை, அதாவது நகத்துல வர்ற பூஞ்சை நோய், எனக்கு ரெண்டு தடவை வந்துருச்சு. மொத தடவை டாக்டர் எழுதிக் குடுத்த டெர்பினஃபின் 250ங்கற பூஞ்சையக் கொல்லுற மாத்திரைய 12 வாரம் ஒருநாள் விடாம முழுங்கி, லிவர் டெஸ்ட்டும் எடுத்து, அடியில இருந்து புது நகம் பளிச்சுனு ஏறி வர்றதப் பாத்து சந்தோசப்பட்டு, அடுத்த வருசம் ஆடி முடியறதுக்குள்ள அதே வெரல்ல அதே ஓரத்துல மறுபடி மஞ்சக் கோடு. "மாத்திரை சரியில்லையா சார்"னு கேட்டேன். அவரு என் காலக்கூட அப்புறந்தான் பாத்தாரு, மொதல்ல வாசல்ல கழட்டிப் போட்டுருந்த ஷூவப் பாத்துட்டு, "இத எத்தன வருசமா போடுறீங்க"ன்னாரு. நாலு வருசம். நான் கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனில ஷிப்ட் பாக்குறேன், சேஃப்டி ஷூ இல்லாம கேட்டுக்குள்ள விடமாட்டாங்க, பத்து மணி நேரம் கால் அதுக்குள்ளயே வெந்து கிடக்கும்.

விசயம் என்னன்னா இந்தப் பூஞ்சை, பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம்னு ஒண்ணு, நகத்துலயும் தோல்லயும் இருக்குற கெரட்டின்ங்கற புரதத்தத் தின்னுதான் வாழும், நாம நடக்க நடக்க அந்த நகத்தூளும் செத்த தோலும் ஷூக்குள்ள உதிரும், அதுல ஒட்டியிருக்குற விதைத்தூள் மாசக்கணக்கா உசுரோட கிடக்கும். கால் நகமோ மாசத்துக்கு ஒண்ணரை மில்லிமீட்டர்தான் வளரும், பெருவெரல் நகம் முழுசா மாற ஒரு வருசத்துல இருந்து ஒண்ணரை வருசம் ஆகும். மாத்திரை மூணு மாசத்துல முடிஞ்சுரும், மிச்ச ஒரு வருசம் அந்தப் புது நகம் அதே பழைய ஷூக்குள்ளதான் வளருது. எனக்கு உறைச்சது அந்த இடத்துலதான். ரெண்டாவது ரவுண்டுல ஷூவ என்ன பண்ணலாம், வீட்ட என்ன பண்ணலாம்னு ஆளாளுக்குச் சொன்னத எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். அதத்தான் எழுதுறேன்.

மொதல்ல வெயில். நம்ம ஊருக்கு வெயில் தாராளம், அக்னி நட்சத்திரத்துல மொட்டை மாடியில வெறுங்கால வைக்க முடியாது, அதுல பூஞ்சையாவது மண்ணாவதுன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா ரோசிச்சுப் பாருங்க, சூரிய ஒளி நேரா படுற இடத்துலதான் வேலை செய்யும், ஷூவோட முன்பக்கம் வெரல் போய் உக்கார்ற பொந்துக்குள்ள ஒளியே போகாது, பூஞ்சை இருக்குறதே அங்கதான். வெயிலோட உண்மையான லாபம் காய வைக்கிறது. ஈரம் இல்லாட்டி இது பெருகாது. அதனால இன்சோல உருவித் தனியா வெயில்ல போடுங்க, ஷூ நாக்க நல்லா வெளிய இழுத்து விட்டு வாய வெயிலப் பாத்து வைங்க. நாள் பூராவும் போடாதீங்க, எனக்கு ரெண்டே மாசத்துல பசை விட்டு சோல் வாயப் பொளந்துக்கிச்சு. ஐப்பசி கார்த்திகை மழையில இந்த வழியே கிடையாதுங்கறதையும் கணக்குல வச்சுக்கங்க, அந்த ரெண்டு மாசந்தான் ஷூ காயவே காயாது.

பவுடர். மெடிக்கல்ல க்ளோட்ரிமசோல் பவுடர் சல்லிசாக் கிடைக்கும். சாதா டால்கம் பவுடர் இல்ல, அது வாசனையோட சரி. தினமும் ஷூ கழட்டுனதும் உள்ள தூவி, முன்பக்கம் போற மாதிரி ஒரு குலுக்கு குலுக்கி வைக்கணும், காலைல போடுறப்ப வெரல் இடுக்குலயும் கொஞ்சம். டெர்பினஃபின் ஸ்ப்ரேவும் இருக்கு, பவுடர் கட்டி தட்டுற எடத்துல அது நல்லா இறங்கும், ஆனா வெல ஜாஸ்தி, அடிச்சுட்டு காய விடாமப் போட்டா பிரயோசனம் இல்ல. இது ரெண்டும் ஏற்கனவே குடியேறி இருக்குறத ஒரே நாள்ல ஒழிச்சுக் கட்டும்னு நம்பாதீங்க, புதுசா உதிர்றது முளைக்காமப் பாத்துக்குற காவல்காரன் மாதிரி வச்சுக்கங்க. ஒரு நாள் விட்டா ஒரு வாரம் விட்ருவோம், அதுதான் இதுல கஷ்டம். நான் ஷூ ஸ்டாண்டு மேலயே டப்பாவ நூலு போட்டுக் கட்டித் தொங்கவிட்டேன், என் மக பாத்துட்டு ஒரு வாரம் சிரிச்சா.

யுவி மெஷின், அதாவது ஷூக்குள்ள வச்சு புற ஊதா ஒளி அடிக்கிற சாமான். ஆன்லைன்ல ரெண்டாயிரத்து சொச்சம் குடுத்து வாங்கிப்புட்டேன், அத ஏன் கேக்குறீங்க. யுவி-சி ஒளி நெசமாவே கிருமிய, பூஞ்சைய எல்லாம் கொல்லும், அலைநீளம் 254 நானோமீட்டர் பக்கத்துல இருக்குற புற ஊதா ஒளி, ஆஸ்பத்திரியில ஆபரேசன் தியேட்டர்ல எல்லாம் உபயோகிக்கிறதுதான். வெயில்ல இது கிடைக்காது, காத்து மண்டலமே தடுத்துரும். அதனால தத்துவம் சரிதான். சிக்கல் ரெண்டு. ஒண்ணு, ஒளி நேர்க்கோட்டுல போறது, இன்சோலோட மடிப்பு, தையல், நகத்தூளுக்கு அடியில மறைஞ்சது எதையும் தொடாது. ரெண்டு, நான் வாங்குனதுல ஊதாக் கலர்ல லைட்டு எரியுது, அதுல யுவி-சி எம்புட்டு வருதுன்னு டப்பாவுல ஒரு வரி கூட இல்ல. கண்ணுக்குத் தெரியிற ஊதாக் கலருக்கும் யுவி-சிக்கும் சம்பந்தம் இல்ல, யுவி-சி கண்ணுக்கே தெரியாது. நல்ல மெஷின்னா அலைநீளம் எழுதியிருப்பான், ஷூக்குள்ள போனாத்தான் எரியும், வெளிய எடுத்தா அணைஞ்சுரும், ஏன்னா அந்த ஒளி கண்ணுல பட்டா ஆபத்து. இதெல்லாம் இருந்தா பவுடரோட சேத்து வச்சுக்கலாம், பவுடருக்குப் பதிலா வேணாம்.

அந்துருண்டை போடு, ஃபார்மலின்ல பஞ்ச நனச்சு ஷூக்குள்ள வச்சு கவர்ல கட்டுன்னு சொல்ற ஆளுங்க இன்னும் இருக்காங்க. ஃபார்மலின் புற்றுநோய் வரவைக்கிற சாமான், வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க. அந்துருண்டை ஆவியும் சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்டுக்கு ஆகாது. ஷூவ ஃப்ரீசர்ல வைக்கச் சொன்ன ஒரு நண்பரும் உண்டு. குளிர்ல பூஞ்சை சாகாது, தூங்கும், வெளிய எடுத்தா எந்திரிச்சுரும். ஐஸ்கிரீம் பக்கத்துல ஷூ வச்சா வீட்டுல என்ன நடக்கும்னு வேற தனியாச் சொல்லணுமா.

அப்ப தூக்கிப் போடுறது? சுத்தமான வழி இதுதான், சந்தேகமே இல்ல. ஆனா எப்பத் தூக்கிப் போடுறதுங்கறதுலதான் எல்லாரும் ஏமாறுறோம். நான் ரெண்டாவது தடவை மாத்திரை ஆரம்பிச்ச அன்னைக்கே வேகமாப் போயி நல்ல ஷூ ஒண்ணு புதுசா வாங்குனேன், டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டாரு. நகத்துல பூஞ்சை அப்படியே இருக்கு, அது புது ஷூக்குள்ளயும் உதிரத்தான செய்யும். அவர் சொன்ன கணக்கு இது: சிகிச்சை ஓடுற மாசங்கள்ல மட்டமான ஒரு ஜோடிய வச்சு, தினமும் பவுடர் போட்டு ஓட்டணும், சொத்தை நகம் பூராவும் வளந்து வெட்டி எறிஞ்சப்புறம் அந்த ஜோடிய எறிஞ்சுட்டு நல்லத எடுக்கணும். சேஃப்டி ஷூ கம்பெனியே குடுக்குறதுனால எனக்கு ஸ்டோர்ல கெஞ்சி இன்னொரு ஜோடி வாங்குறதுதான் பெரும்பாடாப் போச்சு.

அந்த இன்னொரு ஜோடிதான் உண்மையில எல்லாத்தையும் விட வேலை செஞ்சதுன்னு சொல்லுவேன். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. ஒரு நாள் வேர்வையில ஊறுன ஷூ ராத்திரியோட காயாது, குறைஞ்சது ஒரு முழு நாளாவது காத்தாட வைக்கணும், மழைக்காலத்துல ரெண்டு நாளு. ஒரே ஜோடிய தினமும் போட்டுக்கிட்டு பவுடர் கொட்டுறது ஓட்டக் கொடத்துல தண்ணி ஊத்துற மாதிரி. மெஷினுக்குக் குடுத்த காசுல இன்னொரு ஜோடி வாங்கியிருக்கலாம்.

சாக்ஸ் கதைக்கு வருவோம். பச்சத் தண்ணியில சோப்பு போட்டுத் தொவைச்சா அழுக்கு போகும், பூஞ்சை முழுசாப் போகாது, அதோட மத்தவங்க துணியோட சேத்துப் போட்டா அந்தத் துணிக்கும் கொஞ்சம் இடம் மாறும். 60 டிகிரி சூடு வேணும். மேல மூடி தொறக்குற வாசிங் மெஷின் பலதுல ஹீட்டரே கிடையாது, முன்பக்கம் கதவு இருக்குற மெஷின்ல 60 டிகிரி செட்டிங் இருக்கும், அது இருந்தா வேலை சுளுவு. எங்க வீட்டுல இல்ல, அதனால பழைய அலுமினியப் பாத்திரம் ஒண்ணு சாக்ஸுக்குன்னே ஒதுக்கி, தண்ணிய கொதிக்க வச்சு எறக்கி, சாக்ஸ உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டு, மூடி போட்டு முக்கா மணி நேரம் ஊற விட்டு, அப்புறம் தொவைச்சு வெயில்ல காயப்போடுறோம். சாக்ஸுக்கு வெயில் நல்லா வேலை செய்யும், ஷூ மாதிரி மறைவான பொந்து இல்லையே. நைலான் சாக்ஸோட எலாஸ்டிக் இந்தச் சூட்டுல சீக்கிரம் தொளதொளன்னு ஆயிரும், பருத்தி வாங்கிக்கங்க.

வீட்டுத் தரைக்கு பினாயிலா ப்ளீச்சிங்கான்னா, வெள்ளை பினாயில பூஞ்சைக்குன்னு நம்ப வேணாம், டெட்டாலும் வினிகரும் கூட அப்படித்தான். ப்ளீச்சிங் பவுடர் ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு பெரிய ஸ்பூன், கலக்கித் தெளிய விட்டு, பாத்ரூம் தரையிலயும் ரப்பர் செருப்புலயும் ஊத்தி பத்து நிமிசம் விடணும். அதுக்கு முன்னாடி சோப்புப் போட்டு அழுக்கத் தேச்சுக் கழுவிருங்க, அழுக்கு இருந்தா குளோரின் அங்கயே செலவாயிரும். பிரிச்சு வச்ச பழைய பாக்கெட் வீரியம் போயிருக்கும். கக்கூஸ் கழுவுற ஆசிட்டோட மட்டும் எந்தக் காலத்துலயும் சேத்துராதீங்க, விசவாயு வரும். தோல் ஷூவுல, கலர் துணியில ப்ளீச் படவே கூடாது. ஹால், ரூமுக்கெல்லாம் தினமும் ப்ளீச்சிங் அடிச்சு எல்லாரையும் இருமவிட வேண்டியதில்ல, ஈரம் நிக்கிற பாத்ரூமும் அதுக்கு வெளிய கிடக்குற கால்மிதியுந்தான் முக்கியம். கால்மிதின்னா எங்க வீட்டுல கயித்து மிதி, அதத் தொவைக்கவே முடியாது, எடுத்துப் போட்டுட்டு பழைய வேட்டிய நாலா மடிச்சுப் போட்டோம், வாரத்துக்கு ரெண்டு தடவை சாக்ஸோட சேந்து சுடுதண்ணிக்குப் போயிரும்.

நகவெட்டி வீட்டுக்கே ஒண்ணு, சாவிக் கொத்துல தொங்கும், எல்லாரும் அதத்தான் எடுப்போம். இப்ப எனக்குத் தனி.

மீனாட்சி கோயிலுக்கு வெறுங்கால்ல போறத என்ன பண்றதுன்னு அம்மா கவலப்பட்டாங்க. ஒண்ணும் பண்ண வேணாம். வந்ததும் கால் கழுவி, வெரல் இடுக்கெல்லாம் தனித் துண்டால தொடைங்க, போதும்.

இம்புட்டும் பண்ணி வச்சுட்டு, ஒரு விசயத்துல கோட்டை விட்டுருப்பேன். அப்பாவுக்கு உள்ளங்கால் ரெண்டும் வெள்ளையாப் பொரிஞ்சு மாவு மாதிரி உதிரும், வயக்காட்டுல நடந்த காலு, பித்தவெடிப்புன்னு நெனச்சு வருசக்கணக்கா வேப்பெண்ணெ தடவிக்கிட்டு இருந்தாரு. நான் சும்மா பேச்சுவாக்குல சொன்னதுக்கு டாக்டர், "வெள்ளன கூட்டிட்டு வாங்க"ன்னாரு. தோலச் சுரண்டி எடுத்து, மருந்துல கரைச்சு மைக்ரோஸ்கோப்புல பாக்குற கே.ஓ.எச். டெஸ்ட் பண்ணிப் பாத்தா அதுவும் பூஞ்சை. வெரல் இடுக்குல வர்ற சேத்துப்புண்ணு மாதிரியேதான், ஆனா அரிப்பு இல்லாததுனால யாரும் கண்டுக்கல. ஒரே பாத்ரூம், ஒரே ரப்பர் செருப்பு, ஒரே மிதி. அவருக்கு நாலு வாரம் க்ரீம் போட்டு சரியானப்புறந்தான் எனக்கே தைரியம் வந்துச்சு. க்ரீம்னதும் ஞாபகம் வருது, மெடிக்கல்ல "படர்தாமரைக்கு ஒண்ணு குடுங்க"ன்னா சில சமயம் ஸ்டீராய்டு கலந்ததக் குடுத்துருவாங்க, ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுரும், உள்ள பூஞ்சை பரவிக்கிட்டே இருக்கும். சீட்டு இல்லாம வாங்காதீங்க.

இப்ப எனக்கு பெருவெரல் நகம் முக்காவாசி தெளிஞ்சிருக்கு, இன்னும் நாலஞ்சு மாசம் இருக்கு, பழைய ஜோடிய இன்னும் எறியல. நகம் கோணலா தடிப்பா இருந்தாலே பூஞ்சைன்னு முடிவு பண்ணி இதெல்லாம் ஆரம்பிச்சுராதீங்க, ஷூ இடிச்சு வர்றதும் சோரியாசிஸ்ல வர்றதும் பாக்க இதே மாதிரிதான் இருக்கும். பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுலயோ பக்கத்துல இருக்குற ஸ்கின் டாக்டர்கிட்டயோ நகத்தச் சுரண்டிக் குடுத்துப் பாத்துட்டு, அப்புறம் பவுடர் வாங்கப் போங்க. சுகர் இருக்குறவங்க இதுக்கெல்லாம் காத்திருக்கவே வேணாம், நேரா டாக்டர்கிட்டப் போயிருங்க.