அகத்தி நிழலா, நிழல்வலையா: வெற்றிலைக் கொடிக்காலுக்கு எது?

பரமத்திவேலூர்ப் பக்கம் ராஜா வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு இருக்கும் ஒரு ஏக்கர் கொடிக்காலில், முக்கால் ஏக்கரை வழக்கம்போல் அகத்தி நிழலிலும், மீதியைக் கறுப்பு நிற 50 சதவீத நிழல்வலைக்குக் கீழும் இரண்டு கோடை வைத்துப் பார்த்தேன். இந்த ஆண்டு வலையைப் பிரித்துவிட்டேன்.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். வலைக்குக் கல்தூணும் கம்பியும் முதலிலேயே பணம் கேட்கும். ஆனால் கட்டிய அன்றைக்கே நிழல் கிடைத்துவிடும். அகத்திக்கு விதைச் செலவுதான். நிழல் விழச் சில மாதம் காத்திருக்க வேண்டும். கழித்த தழை ஆட்டுக்குத் தீவனமாகிறது, வேர்முடிச்சு மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கிறது. இவற்றைவிட என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: நிழலைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறதா என்பது.

வெற்றிலை நிழல் விரும்பும் கொடி. நிழலில் விரியும் இலை அகன்று, மெலிந்து, கரும்பச்சையாக இருக்கும். கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் பிடித்துக்கொள்ளவே அது அப்படி அமைகிறது. வெயிலில் விரியும் இலையிலோ மேல்தோலை ஒட்டி நெட்டுக்குத்தாக நிற்கும் செல்கள் நீண்டோ பல அடுக்காகவோ அமைவதால் இலை சிறுத்துத் தடிக்கும். கூடுதல் ஒளியைக் கொண்டு கூடுதலாக ஒளிச்சேர்க்கை செய்யும் திறனும் அதற்கு உண்டு. இரண்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்: ஒன்று பட்டுத்துணி போல வழுக்கும், மற்றது தோல் போல நிற்கும். சந்தை கேட்பது முதல் வகையைத்தான்.

இந்தத் தடிமன் பெரும்பாலும் இலை விரிந்துகொண்டிருக்கும் நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. முதிர்ந்த இலை தன் பச்சையத்தையும் நொதிகளையும் ஓரளவு மாற்றிக்கொள்ளும், ஆனால் தன் உடலமைப்பை மாற்றிக்கொள்ளாது. அதோடு, முதிர்ந்த இலைகள் எவ்வளவு ஒளியில் நிற்கின்றனவோ அதற்கேற்ப நுனியில் உருவாகும் புது இலைகள் அமைவது சில செடிகளில் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. ஆகவே இன்று நிழலில் நாம் செய்யும் மாற்றம் அடுத்தடுத்த வாரங்களில் பறிக்கப்போகும் இலையில் வந்து நிற்கும்.

அகத்தி இதற்கு இடம் கொடுக்கிறது. சித்திரை வெயிலில் தழையை அடர விட்டு வைக்கலாம். ஐப்பசி மழைக்கு முன் பாதிப் பாதியாகக் கழித்து ஒளியையும் காற்றையும் உள்ளே விடலாம். வலையோ எல்லா நாளும் ஒரே அளவை வெட்டும். மேகம் மூடிய கார்த்திகை மாதத்தில், ஏற்கெனவே மங்கிய ஒளியை அது மீண்டும் பாதியாக்கியதால், கொடியின் கீழ்ப்பகுதி இலைகள் தாம் மூச்சுக்குச் செலவழிக்கும் அளவுக்குக்கூட உணவு ஆக்க முடியாமல் மஞ்சளித்து உதிர்ந்தன. போதாததற்கு, வலையில் படியும் தூசி நாளடைவில் 50 சதவீதத்தை அதற்கும் மேலாக்கிவிடுகிறது. கழுவாமல் விட்டால் கண்ணுக்கே தெரியாமல் ஒளி குறைந்துகொண்டே போகும். ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் வாடல் நோய்க்கு வழி திறந்துவிட்டதாகவே அர்த்தம்.

அகத்திக்கும் கண்டிப்பு வேண்டும். முன்பொரு வைகாசியில் ஆள் கிடைத்த நாளில் மொத்தத் தழையையும் ஒரே மூச்சில் கழிக்கவிட்டேன். நிழலில் வளர்ந்த இலை, முழு வெயிலில் நாலில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரும்பாலும் நிறைவடைந்துவிடும். மீதி ஒளி அதற்குச் சுமைதான். நான்கே நாளில் மேல்வரிசை இலைகள் வெளிறி, நடுவில் காய்ந்த தீப்புண் போல ஆகிவிட்டன. அதிலிருந்து ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக, பத்து நாள் இடைவெளியில்தான் கழிக்கிறோம். ஆள்கூலி இரட்டிப்பாகிறது, அகத்தியின் உண்மையான செலவு இதுதான்.

வலைக்குச் சாதகமான இரண்டை மறைக்கக் கூடாது. அகத்திக்குக் கீழே ஒளி நிலையாக நிற்பதில்லை. சிறு இலைகள் அசைய அசைய வெயில் பொட்டுகள் விழுந்து நகர்கின்றன. நிழலில் இருந்த இலை திடீர் ஒளியை முழுதாகப் பயன்படுத்த, நொதிகள் விழித்து இலைத்துளைகள் திறக்கச் சில நிமிடமாகும். ஒளி மறைந்த பின்னும், மிகுந்த ஒளியை வெப்பமாக வெளியேற்றும் காப்பு உடனே தளர்வதில்லை. காப்பு தளர்வதில் உள்ள இந்தத் தாமதத்தைக் குறைத்த புகையிலைச் செடிகள் வயலில் சுமார் 15 சதவீதம் கூடுதலாக வளர்ந்ததாக 2016இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. வலைக்குக் கீழே இந்த இழப்பு குறைவு. இரண்டாவது, அகத்தித் தழை சிவப்பொளியை உறிஞ்சிவிட்டு, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளியைக் கீழே விடுவதால் கொடி கணுவிடை நீண்டு உயரத் துடிக்கிறது. கறுப்பு வலையில் எல்லா நிறமும் ஏறக்குறைய சமமாகக் குறைவதால் அந்தத் தொல்லை இல்லை. நான் வைத்துப் பார்த்தது கால் ஏக்கர், இரண்டு கோடை மட்டுமே. மணல் கலந்த நிலத்திலோ, அகத்தி அழுகும் தண்ணீர் தேங்கும் நிலத்திலோ இந்தக் கணக்கு மாறலாம்.

பிரித்த வலையில் ஒரு துண்டை மட்டும் வைத்திருக்கிறேன். மேற்கு ஓரத்தில் அகத்தி பிடிக்காமல் போன இரண்டு பாத்திகளுக்கு, மறுவிதைப்பு ஆள் உயரம் வரும் வரை, பிற்பகல் வெயில் படும் பக்கம் மட்டும் அதைத் தொங்கவிட்டிருக்கிறோம்.