டர்பனிலிருந்து சென்னை: துபாய் வழியா, சிங்கப்பூர் வழியா?

டிசம்பர் நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். டர்பனிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 7,100 கி.மீ.தான், ஆனால் நாம் பறப்பது அதைவிட நிறைய.

தூரம்
துபாய் வழி: 6,600 + 2,900, மொத்தம் ஏறத்தாழ 9,500 கி.மீ.
சிங்கப்பூர் வழி: முதலில் ஜோஹன்னஸ்பர்க் 480, அப்புறம் 8,650, பிறகு 2,900. மொத்தம் 12,000 கி.மீ. சென்னையைத் தாண்டிக் கிழக்கே போய்த் திரும்பி வருகிறோம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கதை.

பறக்கும் நேரம்
துபாய்: எட்டரை மணி, பிறகு நாலு மணி.
சிங்கப்பூர்: ஒன்று, பத்தரை, நாலு. காத்திருப்பு தனி.

மாறும் தொல்லை
துபாய்: ஒரே ஒரு மாற்றம். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் ஏறினால் போதும்.
சிங்கப்பூர்: இரண்டு. டர்பன்–ஜோஹன்னஸ்பர்க் டிக்கெட்டைத் தனியாக வாங்கினால் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரலாம். முதல் விமானம் தாமதமானால் அடுத்தது காத்திருக்காது. எனக்கு ஒருமுறை நடந்தது. இரவு முழுக்க நாற்காலியில்தான்.

கடிகாரம்
துபாய் நம்மைவிட 2 மணி முன்னால், சென்னை மூன்றரை. உடம்பு மெதுவாகப் பழகும். சிங்கப்பூர் 6 மணி முன்னால் போய், மறுபடி பின்னால் வரவேண்டும்.

ஆயா, தாத்தா, கைக்குழந்தை கூட வந்தால் துபாய்தான், சில நூறு ராண்ட் கூடினாலும் சரி. சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருந்து, இரண்டு நாள் தங்கி லிட்டில் இந்தியாவில் புடவை பார்க்கும் ஆசையும் இருந்தால் மட்டும் மற்றது.