மணிக்கணக்கா, வரிசைக்கணக்கா?

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் அன்றாடப் பாடங்களை இரண்டு விதமாக வகுக்கலாம். 9 மணிக்குக் கணக்கு, 10 மணிக்கு அறிவியல் என்று கால அட்டவணை போடுவது ஒன்று. வெளி வகுப்பு இருக்கும் நாளில் இது கைகொடுக்கும்.

இன்னொன்று, மணி குறிக்காமல் பாடங்களின் வரிசையை மட்டும் எழுதிவைப்பது. நடுவில் கைக்குழந்தை எழுந்து அழுதாலும் "பாடம் போச்சே" என்ற பதற்றம் இல்லை. விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரலாம்; வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. எப்போதும் கடைசியில் அடிபடும் ஓவியத்துக்கும் வரலாற்றுக்கும் முறை வரும். கணக்கையும் வாசிப்பையும் மட்டும் இந்தச் சுழற்சியில் சேர்க்க வேண்டாம், அவை தினமும் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் பெரும்பாலும் 20 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்றார் பிரிட்டிஷ் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923).

சிறுசுகள் உள்ள வீட்டுக்கு நான் வரிசையைத்தான் சொல்வேன். மூத்த பிள்ளை பொதுத்தேர்வுக்குத் தயாராகும்போது அட்டவணைக்கு மாறிக்கொள்ளலாம்.